சாயங்காலம் எடுக்கணும்

1

இந்தக் கதை ஒரு காலிப் பக்கத்தை நிரப்புவதற்காக எழுதப்படுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய பண்ணைக் கொட்டகைகளைத் தேடிப் போய்ப் படம் எடுக்கிற ஒரு அம்மா இருக்கிறார். நாங்கள் அவரைப் படக்காரம்மா என்போம். மாட்டுக் கொட்டகை, குதிரை லாயம், வைக்கோல் கிடங்கு, கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்பது, சுவர் போய்க் கூரை மட்டும் எப்படியோ நிற்பது என்று எல்லாவற்றையும் எடுத்துப் புத்தகமாகப் போடப்போகிறார். அதில் ஒரு பக்கத்துக்கு மட்டும் படம் இல்லை. எடுப்பதற்குள் கொட்டகை போய்விட்டது. அதைப் பிரித்த ஆட்களில் நானும் ஒருவன்.

"நீங்க எழுதுவீங்கன்னு சொன்னாங்க," என்று போன மாதம் வீட்டுக்கு வந்தார்.

"யாரு சொன்னா?"

"உங்க வீட்டம்மாதான்."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எழுதுறாரு, எழுதுறாரு. பக்கம் பக்கமா எழுதுறாரு. மளிகைச் சாமான் எழுதச் சொன்னா மட்டும் விரல் வலிக்குதாம்."

படக்காரம்மா சிரிக்கவில்லை. "அந்தக் கொட்டகை எப்படி இருந்துச்சோ அப்படியே எழுதுங்க. புத்தகத்துல வந்துட்டா ஒரு மதிப்பு இருக்கும். அக்காவுக்கும் பிரயோஜனப்படும்."

அக்கா என்று அவர் சொன்னது அந்தக் கொட்டகையில் தனியாகக் குடியிருந்தவரை. அவருடைய அப்பா பங்கு பிரித்தபோது வீடும் வயலும் அவர் தம்பிக்குப் போயின. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த அக்காவுக்குக் கொட்டகை. பத்திரத்தில் இப்படி இருக்கிறது: கொட்டகை நிற்கும் வரை கொட்டகையும் அது நிற்கிற மண்ணும் அக்காவுக்கு, அதற்குப் பிறகு தம்பிக்கு. அப்பா நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். மகளைவிடக் கொட்டகைக்கு ஆயுசு அதிகம் என்று நினைத்திருப்பார்.

இப்போது கொட்டகை இல்லை. தானாக விழுந்தது என்றால் அக்காவின் பாத்தியதை தீர்ந்தது. நன்றாக நின்றதைத் தப்பாகப் பிரித்துவிட்டார்கள் என்றால், எங்களை வேலைக்கு வைத்த கம்பெனி அதே இடத்தில் திரும்பக் கட்டித்தர வேண்டும். நன்றாக நின்றது என்று காட்ட ஒரு படமாவது வேண்டும். படம் இல்லை. அதனால் நான்.

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

முதலாவது: "அந்தி வெயிலில் பொன்னாக மின்னியது அந்தப் பழைய கொட்டகை. அதன் ஒவ்வொரு பலகையும் ஒரு"

இங்கே நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு பலகையும் ஒரு கதை சொன்னது என்று எழுத வந்தது. நான் பலகையோடு முப்பது வருஷம் இருந்திருக்கிறேன், ஒன்றும் என்னிடம் கதை சொன்னதில்லை. சிராய் ஏற்றியிருக்கிறது. அதோடு, அந்தி வெயிலில் அது எப்படி மின்னியது என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் அதன் கூரைமேல் உட்கார்ந்து தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது: "எங்கள் மேஸ்திரி என் மனைவியின் அண்ணன். அவரைப் போல ஒரு நல்ல மனிதரை"

இதையும் விட்டேன். நல்ல மனிதர்தான். அதுதான் எழுத முடியவில்லை.

மூன்றாவது: "கொட்டகை நேராக நின்றது."

மூன்று சொல். இதை எழுதிய பிறகு எழுந்து போய் வாசலில் நின்றேன். ஏனென்றால் மேஸ்திரி மச்சான் ஏற்கெனவே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்: சாய்ந்து விழுகிற நிலையில் இருந்தது, ஆபத்து என்று இறக்கினோம். அதற்குக் கீழே அவர் கையெழுத்து. நான் எழுதுகிற மூன்று சொல் அச்சில் வந்தால் அவர் பொய்யர் ஆவார், கம்பெனி அவரைக் கைகழுவும், கொட்டகை கட்டுகிற செலவு அவர் தலையில் விழும். என் மனைவி எந்தப் பக்கம் நிற்பாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே இந்தக் கதை மூன்றாவது தொடக்கத்தோடு தொடங்கவில்லை. காலிப் பக்கத்தோடு தொடங்கியது. கவனித்திருப்பீர்கள்.

3

எங்கள் வேலையைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது.

இடிப்பது வேறு, பிரிப்பது வேறு. இடிக்க இயந்திரம் போதும். பிரிப்பது என்றால் பலகை பலகையாக, தகரம் தகரமாக, உடையாமல் இறக்கி, ஆணி பிடுங்கி, நீளவாரியாக அடுக்குவது. கட்டினவன் கடைசியில் வைத்ததை நாம் முதலில் எடுக்க வேண்டும். பழைய பலகைக்குப் பட்டணத்தில் கிராக்கி. ஓட்டல் சுவரில் அடிக்கிறார்களாம். "மாட்டு மூத்திரம் ஊறின பலகைக்கு முன்னாடி உக்காந்து காப்பி குடிக்கிறாங்க, நம்ம பக்கத்துல உக்காந்தா மூக்கைப் பொத்துறாங்க," என்பான் எங்கள் செட்டில் இருக்கிற ஒல்லி.

ஒரு பண்ணை என்றால் சின்னதும் பெரிதுமாகப் பல கட்டிடம் இருக்கும். எல்லாவற்றையும் எடுக்கமாட்டார்கள். மேஸ்திரி நீலச் சாக்கட்டியால் கதவில் எழுதிவைப்பார். பிரிக்க வேண்டியதில் "எடு". தொடக்கூடாததில் "விடு". செட்டில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு சொல்லும் எல்லாருக்கும் தெரியும். முதல் எழுத்தின் தலையில் கொண்டை இருந்தால் விடு. இல்லாவிட்டால் ஏறு.*

* எனக்கும் நாற்பத்தாறு வயதுவரை அவ்வளவுதான் படிப்பு. பிறகு தொழிலாளர் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார்கள், போனேன். "எடு"வில் இருக்கிற "எ" எனக்குத் தெரிந்த முதல் எழுத்து. மற்றவர்கள் "அ"வில் தொடங்குவார்கள். நான் நடுவில் ஏறினேன்.

தம்பி தன் வயலையும் அதிலிருந்த கட்டிடங்களையும் கம்பெனிக்கு விற்றுவிட்டார். அவற்றைப் பிரிக்கத்தான் நாங்கள் போனோம். அக்காவின் கொட்டகை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றது. அதில் எடு இல்லை, விடு இல்லை. அது எங்கள் கணக்கிலேயே இல்லை.

படக்காரம்மா நாங்கள் போவதற்கு முந்தியே வந்து, பிரிக்கப்போகிற கட்டிடங்களை எல்லாம் படம் எடுத்து முடித்திருந்தார். அக்காவோடு அவருக்குப் பழக்கம் உண்டாகிவிட்டது. அக்காவின் கொட்டகையையும், அக்காவை வாசலில் நிற்க வைத்தும் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் அதில் ஏறின அன்று காலையில் அதற்காகத்தான் வந்தார். கொட்டகை மேற்கு பார்த்த வாசல். காலை வெளிச்சத்தில் முகப்பு இருண்டு கிடந்தது. அக்காவும் இல்லை. எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்து, எங்கள் டிராக்டரில் கிடந்த சாக்கட்டியை எடுத்துக் கதவில் அக்காவுக்கு ஒரு சேதி எழுதிவிட்டுப் போனார்.

"சாயங்காலம் எடுக்கணும்."

படம் என்ற சொல்லை எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? அக்காவுக்குத் தெரியும்.

4

அன்றைக்கு வாய்க்கால் ஓரம் கை கழுவப் போன ஒல்லிதான் முதலில் பார்த்தான்.

"மேஸ்திரி, அந்தக் கதவுல என்னமோ ரயிலு மாதிரி நீளமா எழுதிருக்கு. நம்ம சாக்கட்டிதான்."

மச்சான் போனார். நானும் போனேன். அவர் வாய்விட்டுப் படித்தார். நான் மனசுக்குள் படித்தேன். இரண்டு பேருமே ஒரு எழுத்துத் தப்பில்லாமல் படித்தோம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிறகு பலர், எழுதப் படிக்கத் தெரியாதவன்கள் பண்ணின வேலை என்று பேசினார்கள். தெரியாமல் இருந்திருந்தால் கொண்டையைத் தேடியிருப்போம், குழம்பியிருப்போம், விட்டிருப்போம்.

"எடுன்னு போடாம எடுக்கணும்னு போட்டிருக்கே மச்சான்."

"கம்பெனிக்காரன் எழுதிருப்பான் மாப்பிள்ளை. படிச்சவன் மரியாதையாத்தான் எழுதுவான். நம்மள மாதிரியா?"

"சாயங்காலம்னு எதுக்கு?"

"வெயில் தாழ்ந்து ஏறட்டும்னுதான். நம்ம மேல ஒரு அக்கறை."

"நம்ம மேல அக்கறையா?" என்றான் ஒல்லி. "அப்ப கண்டிப்பா வேற யாருக்கோ எழுதினது."

எல்லாரும் சிரித்தோம். மச்சான் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை. (இங்கேயும் அதே சொல்தான் வந்து நிற்கிறது. நான் என்ன செய்ய.)

எழுதியிருந்தபடியே சாயங்காலம் வரை காத்திருந்தோம். டீ குடித்தோம். பிறகு உள்ளே போனோம். ஒரு கட்டில், ஒரு தகரப்பெட்டி, அடுப்பு, நான்கு பாத்திரம், ரசம் போன ஒரு கண்ணாடி. எல்லாக் கொட்டகையிலும் ஒரு கட்டில் கிடக்கும், காவல்காரன் போட்டுவிட்டுப் போனது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. சாமானை எல்லாம் மரத்தடியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினோம். கண்ணாடியைத் துணியில் சுற்றிவைத்தோம். அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தோம்.

மறுநாள் மத்தியானத்துக்குள் முடிந்தது. பலகை லாரி ஏறியது. படக்காரம்மாவின் கார் முதல்நாள் சாயங்காலம் வழியில் நின்றுவிட்டதாம். மறுநாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். வந்து கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் பிரதியில், "அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்" என்று எழுதியிருந்தேன். அழவில்லை. அடித்துவிட்டேன். பையிலிருந்து கேமராவை வெளியே எடுக்கவேயில்லை என்பதுதான் நடந்தது.

"நான் படம் எடுக்கணும்னு எழுதினேன்," என்றார்.

மச்சான் ஓரமாகச் சாய்த்துவைத்திருந்த கதவைப் பார்த்தார். மறுபடி படித்தார். "படம்னு இல்லையே அம்மா," என்றார்.

5

இனி தம்பியைப் பற்றி. இவர் எனக்குப் பிடிபடாத பாத்திரம்.

நாங்கள் கூரை ஏறின சிறிது நேரத்தில் தம்பி வாய்க்கால் வரப்புவரை வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கொட்டகை யாருடையது என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"இதையுமா?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கே," என்று மேலிருந்து மச்சான் சொன்னார்.

"ம்," என்றார் தம்பி. திரும்பிப் போய்விட்டார்.

இந்த "ம்"மை வைத்துக்கொண்டு எட்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். மகர ஒற்று. வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய ஒரே எழுத்து. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுப் பார்த்தேன்: "ம்?" அப்படிப் போட்டால் அவர் ஒன்றும் புரியாத அப்பாவி. இழுத்து எழுதிப் பார்த்தேன்: "ம்ம்ம்..." அப்படியென்றால் எல்லாம் புரிந்து, கணக்குப் போட்டு, சரி நடக்கட்டும் என்று போகிறவர். அக்காவே விற்க ஒத்துக்கொண்டு, தன்னிடம் சொல்லாமல் கம்பெனியோடு பேசி முடித்துவிட்டாள் என்று நினைத்துப் புண்பட்டவராகவும் இருக்கலாம். அப்படித்தான் இப்போது சொல்கிறார். "அக்கா எங்கிட்ட எதைச் சொல்லிருக்கு? ஆஸ்பத்திரி போனதையே சொல்லலையே."

அதுவும் உண்மை. அக்கா சொல்லவில்லை.

நல்ல எழுத்தாளர்கள் என்றால் பாத்திரத்தின் மனசுக்குள் இறங்கிவிடுவார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் இறங்கிப் பார்த்தேன். உள்ளேயும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கெட்டவர் யாராவது ஒருவர் வேண்டும் என்று தேடித் தேடிப் பார்த்தேன். படக்காரம்மா நல்லது செய்ய வந்தார். மச்சான் எழுதியிருந்ததைச் செய்தார். தம்பி ஒன்றுமே செய்யவில்லை. இப்படி ஆளுக்கு ஒரு கை பிடித்து, ஒரு பொம்பளையின் வீட்டைக் காணாமல் ஆக்கிவிட்டோம்.

6

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனது கண் ஆபரேஷனுக்கு. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று தனியாகப் போய், படுத்து, கட்டுப் போட்டுக்கொண்டு, மூன்றாம் நாள் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

நாங்கள் தகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தோம். வாய்க்கால் பாலத்தில் ஒரு அம்மா வந்து நிற்பதைப் பார்த்தோம். இடது கண்ணில் வெள்ளைக் கட்டு. கையில் ஒரு துணிப்பை. நின்று பார்த்தார். கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நல்ல கண்ணைத் துடைத்தார். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, எனக்கு அங்க ஒரு கொட்டகை தெரியமாட்டேங்குது. உங்களுக்குத் தெரியுதா?"

நாங்கள் கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தோம்.

"கட்டுப் போட்ட கண்ணுல தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரு. இந்தக் கண்ணுல ஒண்ணும் பண்ணலையே," என்றார். கண்ணில் ஏதோ கோளாறு, திரும்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. உண்மையாகவே பஸ் வந்த பக்கம் திரும்பினார்.

ஒல்லிதான் ஓடிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டான். எதைப் பற்றியும் கிண்டல் பேசுகிறவன் அன்றைக்கு, "அக்கா, கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்று மட்டும் சொன்னான்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. அக்கா மரத்தடிக்கு வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தது. எடுத்துவிட்டேன். எழுத்து சரியாக இருந்தது. அதனால்தான் எடுத்தேன்.]

இப்போது அக்கா தம்பி வீட்டில் இருக்கிறார். சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை. தம்பி மனைவி நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், ஒரு குறை சொல்ல முடியாது. "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டே இருக்காங்க," என்றார் அக்கா ஒருமுறை. "என் வீட்டுல என்னை யாரும் கேட்டதில்ல."

7

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். நான் எழுதுவது தெரிந்துவிட்டது. தங்கச்சியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, என்னைக் கதையில போட்டிருக்கியாமே."

"பேரு போடல மச்சான்."

"மேஸ்திரின்னு போட்டிருக்கியா?"

"ஆமா."

"உன் மச்சான்னு போட்டிருக்கியா?"

"ஆமா."

"பேரு ஒண்ணுதான் பாக்கியா? அதையும் போட்டுடு, தெரியாதவன் யாராவது இருந்தா தெரிஞ்சுக்கட்டும்."

நான் எழுதின காகிதத்தைக் கவிழ்த்துவைத்தேன்.

"நான் ஏன் சாஞ்சுதுன்னு எழுதிக் குடுத்தேன்? என் ஒருத்தனுக்காகவா? எட்டுப் பேரு ஏறினோம். அந்த லாரியில போன பலகையில உன் கூலியும் இருக்கு. கட்டிக் குடுன்னு சொன்னா எங்க போவோம்? என் வீட்டை வித்தாலும் ஒரு பக்கச் சுவர் வராது."

"கம்பெனிதான கட்டணும்?"

"கம்பெனி கட்டும்?" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் என்னாலேயே நம்ப முடியவில்லை, கம்பெனி கட்டும் என்று. "அந்த அம்மா முகத்தை நானும்தான் பார்த்தேன் மாப்பிள்ளை. நீ எழுதித் தீத்துக்குற. நான் எங்க போய்த் தீத்துக்கறது?"

எழுந்தார். என் மனைவி சாப்பிட்டுப் போகச் சொன்னாள். பசி இல்லை என்றார். அவள் என்னைப் பார்க்காமல் தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு இந்த வீட்டில் நான் எழுத உட்கார்ந்தால் கிண்டல் வருவதில்லை.

அன்று எழுதினேன்: கொட்டகை நேராக நின்றது. மாற்றிக்கொள்ளப்போவதில்லை.

8

படக்காரம்மாவுக்கு முடிவு வேண்டும். "கடைசியில படிக்கிறவங்க பிடிச்சுக்க ஏதாவது குடுங்க," என்றார். எழுதிப் பார்த்தவை:

அ) ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுப் பேரும் கூலி வாங்காமல் வருகிறோம். லாரி திரும்பி வருகிறது. கழற்றின வரிசையைத் தலைகீழாகப் போட்டு, பலகை பலகையாக ஏற்றுகிறோம். சாயங்காலத்துக்குள் தகரம் போட்டாயிற்று. அக்கா வாசலில் வந்து நிற்கிறார். படக்காரம்மா கேமராவை எடுக்கிறார்.

இதை எழுதும்போது கை தானாக ஓடியது. அடித்தல் திருத்தல் இல்லை. போனில் படித்துக் காட்டினேன், படக்காரம்மாவுக்கும் இதுதான் பிடித்தது.

"இதையே வெச்சுக்கலாமே."

"நடக்கலையேம்மா. பலகை எல்லாம் ஓட்டல் சுவத்துல இருக்கு. அளவுக்கு அறுத்து, பாலிஷ் போட்டு."

"கதைதானே."

"புத்தகத்துல வந்தா மதிப்புன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் போனை வைத்துவிட்டார். கோபத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆ) தம்பி ஒருநாள் அக்காவின் அறைக்கு வந்து, "அந்த மண்ணு உனக்குத்தான் அக்கா, பத்திரம் கிடக்கட்டும்," என்கிறார். இதற்கு அவரைப் பேச வைக்க வேண்டும். எழுதி எழுதிப் பார்த்தேன். "ம்" மட்டும்தான் வருகிறது.

இ) "ஒருநாள் விடியற்காலையில் அக்கா யாரையும் எழுப்பாமல் கதவைத் திறந்து, வாய்க்கால் பக்கம்"

இல்லை. உயிரோடு இருக்கிறவரை முடிவுக்காகத் தண்ணீரில் இறக்குகிற வேலையை நான் செய்யமாட்டேன். அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.

9

நேற்று இதைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

ஒரு காரணம் இருந்தது. நில ஆபீஸில் ஒருவர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். படம் இல்லாவிட்டால் பரவாயில்லை, கொட்டகையை நேரில் பார்த்த இரண்டு பேர் அதன் அமைப்பைத் தனித்தனியாக எழுதிக் கொடுக்கட்டும், நீள அகலம், வாசல், ஜன்னல் எல்லாம், இரண்டும் ஒத்துப்போனால் மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றாராம். ஒன்று அக்கா. இன்னொன்று நான். படக்காரம்மா பார்த்தது முகப்பை மட்டும். எட்டுப் பேரில் வேறு யாரும் மச்சானுக்கு எதிராக வரமாட்டார்கள். தனித்தனியாக என்பதுதான் நிபந்தனை. ஆனாலும் அக்கா, ஒருமுறை படித்துக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அறையில் ஒரு கட்டில், தகரப்பெட்டி, அந்தக் கண்ணாடி. அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் இப்போது நன்றாகத் தெரிகிறது. தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் பேசட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் தட்டுமுட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் படித்தேன். "வாசல் மேற்கே. இரண்டு கதவு. உள்ளே நுழைந்தால் இடதுபுறம் அடுப்பு. நாலு பக்கமும் பலகைச் சுவர், எதுவும் சாயவில்லை. தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல். அதன் வழியாக"

"இருங்க," என்றார் அக்கா. "ஜன்னல் எந்தப் பக்கம்?"

"தெற்கால."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலில் வலது கையை வைத்தார். "தலை இந்தப் பக்கம் வெச்சுப் படுப்பேன். விடிஞ்சா வெளிச்சம் இப்படி..." கை எழுந்து இடது கன்னத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கி, வலது கன்னத்துக்குப் போனது. மறுபடி இடது.

"வடக்காலயாக்கா?" என்றேன்.

"இருங்க."

வெளியே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. கண்ணைத் திறந்து, அந்த அறையின் ஜன்னலைப் பார்த்தார். அது அவருக்கு இடதுபக்கம் இருந்தது.

"இங்க வந்ததிலிருந்து இந்த ஜன்னல்தான் வருது," என்றார். "அதை நினைச்சாலும் இதுதான் வந்து நிக்குது. எட்டு மாசத்துல." டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தார். "நீங்க தெக்குன்னா தெக்காத்தான் இருக்கும். நீங்கதான கழட்டினீங்க."

நான் கழற்றியது கூரை. சுவர் பக்கம் வேறு ஆட்கள். எழுதிக்கொண்டே வரும்போது வெளிச்சம் உள்ளே வர ஒரு வழி வேண்டியிருந்தது, அந்த வாக்கியத்துக்கு ஒரு ஜன்னல் தேவைப்பட்டது. தெற்கு என்று எழுதினால் படிக்க நன்றாக இருந்தது.

"எனக்கும் தெரியாதுக்கா," என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். "அப்ப ஆபீசுக்குக் குடுக்க வேணாம்," என்றார். "ரெண்டு பேரும் தெக்குன்னு பேசி வெச்சுக் குடுத்தா, அது நம்ம கொட்டகையா இருக்காது." காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து, என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "படக்காரம்மாகிட்ட குடுங்க. பக்கம் காலியா இருக்குன்னு சொன்னாங்கல்ல."

அந்தக் காகிதத்தில் இருந்த அமைப்பை எடுத்துவிட்டு, நேற்று நடந்ததைச் சேர்த்து எழுதினதுதான் நீங்கள் படிப்பது. இதற்கு என்னிடம் முடிவு இல்லை. இந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் ஒரு கொட்டகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நேராக நிற்க வேண்டும், அது மட்டும் எனக்குத் தெரியும். ஜன்னலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வையுங்கள். தப்பு என்று சொல்ல யாரும் இல்லை.